இடிவேந்தனின் சிவப்புப் பகடைகள்

மனிதனை விலங்கிலிருந்து பிரித்து நிறுத்துவது மொழியல்ல, சிரிப்பல்ல, நெருப்பு மூட்டத் தெரிந்ததும் அல்ல. விளைவு தெரியாத இடத்தில் ஒரு காலை எடுத்து முன்னே வைக்கும் துணிவு மட்டுமே. உலகம் துணிந்தவர்களுக்குச் சொந்தம். மற்றவர்கள் அதில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னவர் உத்தமன். ஹோட்டலில் இருபது வருடங்களாகச் சாதா தோசையைத் தவிர வேறெதையும் கேட்டறியாதவர். லிஃப்டில் நாலு பேர் நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பவர். சந்தாபுராவில் ஃபிளாட் வாங்கியபோது பன்னிரண்டு மாடிகளில் முதல் மாடியைத் தேர்ந்தெடுத்தார். விழுந்தால் கால்தான் உடையும் என்று மனைவியிடம் காரணமும் சொன்னார்.

மென்பொருள் கம்பெனி ஒன்றில் அவர் ரிஸ்க் பிரிவுக்குத் தலைவர். ஒரு வேலையில் என்னென்ன கெட்டுப்போகலாம் என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு, ஒவ்வொரு கேட்டுக்கும் எதிரே 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் ஒரு பெயரை எழுத வேண்டும். ஒன்பது வருடங்களில் அந்தக் கட்டத்தில் எத்தனையோ பெயர்கள் வந்துபோயின. வந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனியை விட்டும் போனார்கள். உத்தமனின் பெயர் மட்டும் ஒருமுறைகூட அங்கே வரவில்லை. அதைத்தான் அவர் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கம்பெனியும் அப்படியே நினைத்தது.

சனிக்கிழமைகளில் அவர் இடிவேந்தன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் கிளிஃபர்டின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கும் சாகச வீரர் விளையாட்டு அது. பலகை கிடையாது, காய்கள் கிடையாது. கிளிஃபர்ட் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு சாகச வீரனாக மாறி, நான் பறக்கிறேன், நான் உதைக்கிறேன் என்பார்கள். பறந்தார்களா, பறக்கப் போய் விழுந்தார்களா என்பதைப் பகடை சொல்லும். கிளிஃபர்ட் முன்னாள் கணக்கு வாத்தியார்; விதிகள் முழுக்க அவரே எழுதியவை. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வெள்ளைப் பகடை உண்டு, அது இலவசம். வேண்டுமானால் நடுவில் குவித்திருக்கும் சிவப்புப் பகடைகளிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுத்துச் சேர்த்து உருட்டலாம். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது அடியின் பலம். ஆனால் சிவப்புப் பகடை எதிலாவது 'ஒன்று' என்ற எண் விழுந்தால், அந்தப் பகடை கிளிஃபர்டின் முன்னால் இருக்கும் எவர்சில்வர் கிண்ணத்துக்குப் போய்விடும். சுற்று முடிந்ததும் கிண்ணத்தில் இருப்பதையெல்லாம் வில்லன் உருட்டுவான். அந்தச் சுற்றில் யாருடைய கூட்டுத்தொகை குறைவோ, அடி அவர் தலையில். கிண்ணம் கடைசிவரை காலியாகாது.

மற்றவர்கள் இதை விளையாட்டு என்று எண்ணினார்கள். உத்தமன் மட்டும் வீட்டுக்குப் போய் எக்செல்லைத் திறந்தார். இரண்டு இரவுகளில் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்: சிவப்பு எடுப்பவனுக்குப் பலம், அவன் போட்ட ஒன்றுகளுக்கு அடி வாங்குபவன் வேறொருவன். கண்ணில் நீர் முட்டியது அவருக்கு. இத்தனை அழகான விதியை அவர் ஆபீசுக்கு வெளியே பார்த்ததே இல்லை.

இந்தச் சனிக்கிழமை சாதாரணச் சனிக்கிழமை அல்ல. ஷில்பா வருகிறாள். ஆகஸ்டில் நடக்கும் மேஜை விளையாட்டுத் திருவிழாவை நடத்துபவள். முந்நூறு பேர் பார்க்க, மேடையில் விளக்கொளியில் ஆடப்போகும் ஆட்டத்துக்கு நகரத்தின் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறாள். அந்த ஒரு நாற்காலி தனக்குத்தான் என்பதில் உத்தமனுக்குச் சந்தேகமே கிடையாது. ஆபீசில் சொல்லியாகிவிட்டது. மைத்துனனிடம் சொல்லியாகிவிட்டது. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி வரவில்லை என்ற புகாருக்கும் மூன்றாம் மாடி நாய் குரைக்கிறது என்ற புகாருக்கும் நடுவே அறிவித்தும் ஆகிவிட்டது. எட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

உடையும் தைத்தாகிவிட்டது.

நீலசந்திராவில் நாடக உடை தைக்கும் டெய்லரிடம் போய்க் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக, உடம்போடு ஒட்டும் கருநீல உடை. மார்பில் மஞ்சள் மின்னல். "முன்னாடி ஜிப் வெச்சிடலாம் சார், கழட்ட ஈஸியா இருக்கும்," என்றார் டெய்லர். மின்னல் இரண்டாகப் பிளந்துவிடும் என்று உத்தமன் மறுத்துவிட்டார். ஜிப் பின்னால் போயிற்று. அதற்கு மேலே போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டையில் சாதாரணப் பட்டன்களை எடுத்துவிட்டுப் பிரஸ் பட்டன்கள் வைக்கச் சொன்னார். ஷில்பா அவர் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று ஒரே இழுப்பில் சட்டையைத் திறக்க வேண்டும் என்பது திட்டம். கண்ணாடி முன்னால் பதினாறு முறை ஒத்திகை பார்த்திருந்தார்.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு மனைவி ஜெயலக்ஷ்மி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"பாத்ரூம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடும். அதுவரைக்கும் தாங்கமாட்டேனா?"

"தாலி கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எழுந்து ஓடின ஆளு."

"ஜெயா, வாழ்க்கைல ரிஸ்க் எடுக்கணும்."

"எடுங்க எடுங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க மொதல்ல," என்று அவள் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றி, மேலே இருந்த கொக்கியையும் மாட்டிவிட்டாள். கடித்துக்கொண்ட துணியை விடுவிக்க அவளுக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. பிறகு அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

ஓசூர் ரோட்டில் கார் ஊர்ந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் போய்ச் சேரும்போது உத்தமன் அரைவேக்காடாகியிருந்தார்.

"இன்னா மேன், மழையில நனைஞ்சியா?" என்றார் கிளிஃபர்ட் கதவைத் திறந்து. வெளியே மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"டென்ஷன் இல்ல கிளிஃபர்ட். எனர்ஜி."

"எனர்ஜி சோபால ஒட்டாம பார்த்துக்கோ. பவுலின் கத்துவா."

கிளிஃபர்டின் மனைவி பவுலின் ஒரு பெரிய ஜாடி நிறைய எலுமிச்சை ஜூஸோடு வந்தாள். உத்தமன் முதலில் வேண்டாம் என்றார். சட்டைக்குள் வியர்வை ஒரு வாய்க்கால் போல முழங்காலுக்கு இறங்கியது. "அரை கிளாஸ்," என்றார். அரை கிளாஸ் நான்கு முறை வந்தது.

மேஜையில் இன்னும் இரண்டு வீரர்கள் இருந்தார்கள். ஒருவன் கவியரசன். கிருஷ்ணகிரிப் பையன், உத்தமனின் ஆபீசில், உத்தமனின் கீழ் வேலை பார்ப்பவன். அடுத்த மாதம் அவனுடைய அப்ரைசல். அவன் ஆடும் வீரன் உடம்பை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளும் ரப்பரன். இன்னொருத்தி தாரணி. அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊர்; வேறு கம்பெனி, ஆகவே வேறு வாய். அவளுடைய வீராங்கனை கண்ணுக்குத் தெரியாத நிழலி. ஓரத்து நாற்காலியில் ஷில்பா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டத்தின் வில்லன் நுரையாசுரன். நகரத்து ஏரி ஒன்றின் நுரையிலிருந்து பிறந்து, ஒவ்வொரு தெருவாக விழுங்கிக்கொண்டு வருபவன். அவன் பலம் இருநூறு. வீரர்களின் உயிர் ஆளுக்கு இருபது.

"தோழர்களே," என்று உத்தமன் எழுந்து நின்றார். இடிவேந்தன் உட்கார்ந்து பேசுவதில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேஃபா ஆடுங்க. வெள்ளை மட்டும் போதும். ஆபத்தை நான் ஏத்துக்கறேன்."

"ஏன் குரு, ஆபத்து உங்க தலைலயா விழும்? எங்க தலைல இல்ல விழுது?" என்றாள் தாரணி.

"அது டெக்னிகலா சரி."

"வேற எப்படித் தப்பு?"

உத்தமன் ஐந்து சிவப்பை அள்ளிக்கொண்டார். இரண்டு கையாலும் குலுக்கி, உள்ளங்கைக்குள் ஏதோ முணுமுணுத்து உருட்டினார். இருபத்தாறு. அதில் ஒரு சிவப்பு ஒன்றில் நின்றது. 'டிங்' என்று கிண்ணத்துக்குள் போயிற்று. தாரணிக்கு ஐந்து, கவியரசனுக்கு எட்டு. குறைவு தாரணி. கிளிஃபர்ட் கிண்ணத்துப் பகடையை உருட்டினார். நாலு. நிழலியின் உயிர் பதினாறாயிற்று.

"பார்த்தீங்களா ஷில்பா?" என்றார் உத்தமன். "துணிவு."

ஷில்பா எதையோ எழுதினாள். அவர் பெயராகத்தான் இருக்கும் என்று உத்தமன் முடிவு செய்துகொண்டார்.

இரண்டாம் சுற்றில் அவர் ஆறு சிவப்பு எடுத்தார். கிண்ணத்தில் இன்னொரு 'டிங்'. மூன்றாம் சுற்றில் இரண்டு 'டிங்'. நான்கு பகடை சேர்ந்து உருண்டபோது தாரணியின் நிழலி காலியானாள். கண்ணுக்குத் தெரியாதவளாதலால் பிணம் கிடைக்கவில்லை என்று கிளிஃபர்ட் அறிவித்தார்.

"நிழலியின் தியாகத்தை இந்த நகரம் ஒருநாளும் மறக்காது," என்று உத்தமன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இதே வாக்கியத்தை, நிழலி என்ற இடத்தில் வேறு பெயரும் நகரம் என்ற இடத்தில் கம்பெனியும் போட்டு, வேலையை விட்டுப் போன ஏழு பேருக்கு அவர் மின்னஞ்சலாக அனுப்பியிருக்கிறார். அதில் நான்கு கடிதங்களை டைப் அடித்துக் கொடுத்தவன் கவியரசன்.

"நான் செத்துட்டேன்ல, பேசலாம்ல?" என்று தாரணி கேட்டாள்.

"பிணம் பேசக் கூடாதுன்னு நான் ரூல் எழுதல," என்றார் கிளிஃபர்ட்.

"அப்ப சரி. கவி, நெக்ஸ்ட் நீதான். பர்த்டே கேக் மாதிரி உன்ன வெட்டப் போறார். கைத்தட்ட நான் ரெடி."

கவியரசன் சிரிக்கவில்லை. அவன் பார்வை நடுவில் இருந்த சிவப்புக் குவியலில் நின்றது. "சார், நான் ஒரு மூணு ரெட் எடுத்துக்கட்டா? இல்லன்னா இனிமே ஒவ்வொரு தடவையும் நானே லாஸ்ட்டா வருவேன்."

"கவி." உத்தமன் அவன் தோளில் கை வைத்தார். அப்ரைசல் அறையில் வைக்கும் அதே கை. "டீம் பிளேயர்னா என்ன? ஒருத்தர் முன்னாடி போறப்ப, மத்தவங்க ஸ்டேபிளா இருக்கணும். நீ ஸ்டேபிளா இரு."

கவியரசன் வெள்ளையை மட்டும் உருட்டினான். ஏழு. உத்தமன் முப்பத்திரண்டு. கிண்ணத்தில் இப்போது ஆறு. கிளிஃபர்ட் உருட்டினார், பதினெட்டு. ரப்பரனுக்கு மிச்சம் இரண்டே இரண்டு.

"ஸ்டேபிளா சாகறான் பாரு," என்றாள் தாரணி. ஷில்பா வாய்விட்டுச் சிரித்தாள். உத்தமன் மேடையில் தாரணி பக்கத்தில் இருந்தால் இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டார். நல்லவேளை, நாற்காலி ஒன்றுதான்.

அடுத்த சுற்றில் ரப்பரன் செத்தான். எவ்வளவு நீண்டவனோ அவ்வளவு நீளத்துக்குச் செத்தான் என்றார் கிளிஃபர்ட். ஒரு முனை பேருந்து நிலையத்தில், மறுமுனை மார்க்கெட்டில். உத்தமன் எழுந்து நின்று தியாக வாக்கியத்தை மறுபடி சொன்னார். கவியரசன் தனக்குத் தெரிந்த வாக்கியம் என்பதால் கடைசி இரண்டு சொற்களை அவரோடு சேர்ந்தே சொன்னான்.

நுரையாசுரனுக்கு மிச்சம் முப்பத்தாறு. கிண்ணத்தில் ஒன்பது. உத்தமனின் உயிர் இருபதுக்கு இருபது. உயிர்க் கணக்கைக் குறிக்கும் அவருடைய வீரனின் அட்டை லேமினேட் செய்தது; அதன்மேல் இதுவரை ஒரு கீறல் இல்லை. அதை ஷில்பாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

அடிவயிற்றில் அப்போதுதான் முதல் எச்சரிக்கை வந்தது. நான்கு அரை கிளாஸ் என்றால் இரண்டு முழு கிளாஸ். அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். இன்னும் ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு பெயர், பிறகு சட்டை, பிறகு கைதட்டல், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"எட்டு ரெட்," என்றார்.

"யோசிச்சியா மேன்?" என்றார் கிளிஃபர்ட். கணக்கு வாத்தியார்கள் கரும்பலகைக்குத் திரும்புமுன் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்கும் குரல் அது.

"கிளிஃபர்ட், இந்த கேம எக்செல்ல போட்டவன் நான். மூணு பேருக்குத் தனி ஷீட். ரெண்டு பேருக்குத் தனி ஷீட்."

"அதுதான் கேட்டேன்," என்றார் கிளிஃபர்ட்.

உத்தமன் குலுக்கினார். பத்துப் பகடைகளும் மேஜை முழுக்கச் சிதறி ஓடின. முப்பத்தொன்று. இரண்டு சிவப்பு ஒன்றில் நின்றன. டிங், டிங்.

"இன்னும் அஞ்சுதான்!" உத்தமன் ஷில்பாவைப் பார்த்தார். "அடுத்த ரவுண்டுல வெள்ளையே போதும்."

கிளிஃபர்ட் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பதினொரு பகடைகள் அதற்குள் கலகலத்தன.

"இந்த ரவுண்டுல லோயஸ்ட் ஸ்கோர் யாரு?"

 செத்தவர்கள் இருவரும் உத்தமனைப் பார்த்தார்கள்.

"யாரும் இல்ல," என்றார் உத்தமன். "நான்தான் டாப் ஸ்கோர்."

"ஆமா. டாப்பும் நீதான். லாஸ்ட்டும் நீதான். வேற யார விட்டு வெச்ச?"

கிளிஃபர்ட் கிண்ணத்தைக் கவிழ்த்தார். மேஜையெங்கும் சிவப்பாக உருண்டது. ஒவ்வொன்றும் உத்தமன் தன் கையாலேயே உள்ளே அனுப்பியது. கிளிஃபர்ட் நிறுத்தி நிதானமாக, வகுப்பில் விடைத்தாள் கொடுப்பதுபோல் கூட்டினார். "நாப்பத்தொண்ணு. உனக்கு இருக்கறது இருபது. ரெண்டு தடவை சாகலாம் மேன், ஒரு மார்க் மிச்சம் இருக்கும்."

"அது அநியாயம்! நான்தான் டாப்!" உத்தமன் துள்ளி எழுந்து மார்பில் ஓங்கிக் குத்திக்கொண்டார். "நான்தான்..."

டப், டப், டப், டப்.

பிரஸ் பட்டன்கள் நல்ல தரம். தொட்டால் திறந்துகொள்ளும் என்று டெய்லர் சொல்லியிருந்தார். சட்டை இரண்டு பக்கமும் விலகியது. வியர்வையில் ஊறிக் கறுத்துப்போன துணியும், தொப்பையின்மேல் வளைந்து கிடந்த மஞ்சள் மின்னலும் மேஜைக்குத் தரிசனம் தந்தன.



"அய்யோ குரு," என்றாள் தாரணி மெல்ல. "இது உள்ளயே இருந்துச்சா? ரெண்டு மணியிலேர்ந்தா?"

"பன்னெண்டரையிலேர்ந்து," என்று உத்தமன் சொன்னார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பவுலின் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஷில்பா நோட்டுப் புத்தகத்தை மூடினாள். அவள் கன்னடம் கலந்த தமிழில் நல்ல மரியாதையோடு பேசினாள். "எல்லாரும் சன்னாகி, நல்லா ஆடினீங்க. மேடைக்கு தாரணி. செத்த அப்புறமும் டேபிள உயிரோட வெச்சிருந்தாங்க, எனக்கு அதுதான் பேக்கு, அதுதான் வேணும்." பிறகு உத்தமன் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணில் ஒரு கடைசி வெளிச்சம் தெரிந்தது. "அங்கிள், உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. இந்த டிரெஸ்ஸோட என்ட்ரன்ஸ்ல நிக்கறீங்களா? சின்னப் பசங்க கூட நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. சொல்ப வயிறு மட்டும் உள்ள இழுத்துக்கணும்."

அவர் அதற்கு என்ன சொன்னார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. சரி என்று சொல்லியிருக்கக்கூடும். அடிவயிற்றில் இரண்டாம் எச்சரிக்கை வந்துவிட்டது. அது முதலாவதைப்போல மரியாதையாக வரவில்லை.

கிளிஃபர்ட் ஷில்பாவை வாசல்வரை வழியனுப்பப் போனார். தாரணியும் கூடவே போனாள். அவள் சிரிப்பு கேட்டுக்கொண்டே தூரமாயிற்று. உத்தமன் கூடத்துக் கோடியில் இருந்த பாத்ரூமுக்கு நடந்தார். பாதி வழியில் நடை ஓட்டமாயிற்று. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி எறிந்தார். வலது கையை மேலாகவும் இடது கையைக் கீழாகவும் முதுகுக்குக் கொண்டுபோனார். விரல் நுனி கொக்கியைத் தொட்டது, திறக்கவில்லை. சுவரில் முதுகைத் தேய்த்துப் பார்த்தார். துண்டு மாட்டும் கம்பியில் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தார். கம்பி கையோடு வந்துவிட்டது.

கதவைத் திறந்தார். வெளியே ஒரே ஓர் ஆள், மேஜைமேல் பகடைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"கவி, ஒரு நிமிஷம் வாப்பா."

கவியரசன் வந்தான். முழங்கால்களை ஒட்டி வைத்து, இடிவேந்தன் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கையில் துண்டுக்கம்பி. கவியரசன் ஒரு நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான். ஆனாலும் அவசரப்படவில்லை. கொக்கியைக் கழற்றினான். ஜிப்பைப் பிடித்தான், நிறுத்தினான்.

"சார், ஜிப் துணிய கடிச்சிருக்கு. மெதுவா இழுத்தா சேஃப். ஒரே இழுப்பா இழுத்தா டக்குனு வந்துடும். இல்லன்னா மொத்தமா மாட்டிக்கும்." அவன் குரலில் துளி ஏளனம் இல்லை; அதுதான் உத்தமனுக்குத் தாங்க முடியவில்லை. "ரெட்டா, ஒயிட்டா சார்?"

"ஒயிட்," என்றார் உத்தமன் கண்ணை இறுக மூடிக்கொண்டு. "ஒயிட், கவி. சேஃபா. மெதுவா."

கவியரசன் எப்போதும்போலச் சொன்னபடி செய்தான். ஒரு பல். துணியை விலக்கி, இன்னொரு பல்.

ஜிப் இடுப்புக்கு வருவதற்குள் உத்தமன் நனைந்துவிட்டார்.